நெருங்கிய தொடர்பு

எங்கள் கட்டடத்துக்குள் அந்தக் காய்ச்சல் நுழைவதற்கு முன்பே ஏழாம் நம்பர் வீட்டுக் கைப்பேசிக்கு வியாதி வந்துவிட்டது. ப்ளீச்சிங் பவுடர் கரைத்த வாளிக்குள் ஒருநாள் விழுந்து எழுந்தது. அன்றிலிருந்து காதோடு காதாகப் பேசும் பழக்கத்தை விட்டுவிட்டது. யார் கூப்பிட்டாலும் ஊரைக் கூட்டித்தான் பேசும். ஒருமுறை யாரோ தவறான எண்ணுக்கு அழைத்து மாப்பிள்ளை விசாரித்தபோது, எதிர் வரிசை வீட்டிலிருந்து ஒருவர் ஜன்னல் வழியாகவே பதில் சொல்லி, கல்யாணமும் முடிந்துவிட்டது. அந்தத் தம்பதிக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

அந்த வீட்டில் மூன்று பேர். வீட்டுக்காரர் சோபாவுக்கும் நாற்காலிக்கும் பஞ்சு அடைத்துத் தைக்கிறவர்; மெத்தைக்காரர் என்றால்தான் தெரியும். அடுத்தவர் உட்கார்ந்து எழுந்ததைத் தொடவே ஊர் பயந்துபோன பிறகு வேலை நின்று, ஊசியும் நூலுமாக வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் காய்ச்சல் வார்டு ஆயா. வயது முப்பத்தைந்துகூட இருக்காது. ஆனால் அந்த வேலையில் சேர்ந்தால் இருபது வயதுப் பெண்ணும் அன்றைக்கே ஆயாம்மாதான். நரையெல்லாம் பின்னால் சாவகாசமாக வந்து சேரும்.

மூன்றாமவர் மெத்தைக்காரரின் அப்பா. மில்லில் பாய்லர் பார்த்தவர். அந்த இரைச்சலிலேயே காதை விட்டுவிட்டு வந்துவிட்டார். பக்கத்துக் கட்டடத்துச் சுவர் இடிந்து விழுந்த அன்று எங்கள் ஜன்னல் கண்ணாடிகளெல்லாம் உதிர்ந்தன. பாய்லர்காரர் மட்டும், "யாரோ கதவத் தட்டறாங்க பாருங்க" என்றார். பிறகு கண்ணில் திரை விழுந்தது. பிறகு இடுப்பும் போய், கட்டிலோடு ஆனார். மிச்சம் இருந்தது கை ஒன்றுதான். தொட்டுப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்.

அவருக்கு எல்லாமே மருமகள்தான். வார்டில் நாளெல்லாம் செய்த அதே வேலையை வீட்டுக்கு வந்தும் செய்வாள். அவரை ஒரு பக்கமாக உருட்டி, பழைய விரிப்பை முதுகோரம் சுருட்டி வைத்து, புதியதைப் பாதி விரித்து, மறுபக்கம் உருட்டி மீதியை இழுத்து விடுவாள். பாதிப் பேச்சில் விரிப்பு மாறியிருக்கும். அவர் பேச்சை நிறுத்தியிருக்க மாட்டார். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, குதிகாலுக்கு அடியில் துணிச்சுருள் வைத்து, பிறகு கஞ்சி. கடைவாயில் வழிவதைக் கட்டைவிரலால் துடைத்துவிடுவாள். மகன் கரண்டியை எடுத்தால் பாய்லர்காரர் வாயைப் பூட்டிக்கொள்வார். "அவன் திண்டுக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி அடைக்கறான்" என்பார்.

அந்தக் கைப்பேசி அழைப்பு வந்தபோது நான் அவர்கள் வாசலில்தான் நின்றிருந்தேன். சங்கத் தலைவரும் நின்றிருந்தார். எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சங்கத்தில் அவரும் ஒரு ரப்பர் முத்திரையும்தான் உறுப்பினர்கள். குழாய்த் தண்ணீரை யார் அதிகம் பிடிக்கிறார்கள் என்று விசாரிக்க வந்திருந்தார். ஆயாம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஈரக் கையின் முழங்கையால் பொத்தானை அழுத்தினாள்.

"அம்மா, சுகாதாரத் துறைல இருந்து பேசறேன்" என்றது ஒரு சின்ன வயதுக் குரல். "எட்டாம் பெட் நோயாளியோட உங்களுக்கு நெருங்கிய தொடர்பு இருந்துச்சாம்மா?"

மெத்தைக்காரரின் ஊசி பாதித் தையலில் நின்றது. சங்கத் தலைவரின் காது முறம் அளவுக்கு விரிந்தது.

"என்னது?" என்றாள் ஆயாம்மா.

"தொடர்பும்மா. நெருங்கிய தொடர்பா, இல்ல சாதாரணத் தொடர்பா?"

"யார்டா நீ?"

"கோவப்படாதீங்க. எல்லாரையும்தான் கேக்கறோம். நர்ஸம்மா ரெண்டு பேருமே இருந்துச்சுன்னு சொல்லிட்டாங்க. டாக்டருக்கும் இருந்துருக்கு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"அடப்பாவி, அந்த ஆளு மூச்சு விடவே முடியாம கெடக்கறாரு. எழுவது வயசு!"

"வயசு பிரச்சனை இல்லம்மா. சேந்தாப்புல கால் மணி நேரத்துக்கு மேல இருந்துச்சா?"

மெத்தைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். ஆயாம்மாவின் முகத்தை நான் அதற்கு முன்போ பின்போ அந்த நிறத்தில் பார்த்ததில்லை.

"எனக்கு எவனோடயும் ஒரு தொடர்பும் கெடையாது! புருஷன் இங்கதான் நிக்கறாரு. குடுக்கட்டுமா?"

"வேணாம்மா, வேணாம்மா. தொடர்பு இல்லைன்னே போட்டுடறேன்."

"போடு! பெரிய எழுத்துல போடு!"

பெரிய எழுத்தில்தான் போட்டிருக்க வேண்டும். பிறகு அதை யாராலும் அழிக்க முடியவில்லை.

மறுநாள் வார்டுக்குப் போனபோதுதான் அவளுக்கு விஷயம் புரிந்தது. எட்டாம் படுக்கைக்காரருக்கு அந்தக் காய்ச்சல்தான் என்று உறுதியாகி, அவரோடு கால் மணி நேரத்துக்கு மேல் அருகில் இருந்தவர்களையெல்லாம் தனியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். டாக்டரும் நர்ஸம்மாக்களும் விருந்தினர் விடுதியில். ஆளுக்கொரு அறை, வேளைக்குச் சாப்பாடு, ஜன்னலைத் திறந்தால் மரம். எட்டாம் படுக்கைக்காரரை இரண்டு வாரமாக உருட்டித் துடைத்து, ஊட்டி, மலச்சட்டி வைத்து எடுத்த ஒரே ஆள் மட்டும் தொடர்பே இல்லாதவளாக வார்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

சூப்பர்வைசரிடம் ஓடியிருக்கிறாள்.

"சார், அந்தப் பையன் கேட்டது எனக்கு வேற மாதிரி புரிஞ்சுடுச்சு சார். எனக்கும் தொடர்பு இருக்கு."

"நேத்து இல்லன்னே. இன்னிக்கு இருக்குன்றே. ஒரு ராத்திரில வந்துடுச்சா?"

"வீட்ல மாமனார் படுக்கையா கெடக்கறாரு சார். அவர நான்தான் தொட்டுப் பாக்கணும். ஒரு டெஸ்டாவது எடுத்துப் பாருங்க."

"தொடர்பு இருந்தவங்களுக்குத்தாம்மா டெஸ்டு. உனக்குத்தான் இல்லையே." சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினாராம். "இதோ பாரு. நான் எழுதித் தரேன்னு வை, முதல்ல பொய் சொன்னேன்னு உன் வேலை போகும். அது கெடக்கட்டும். உள்ள எட்டிப் பாத்தியா? கட்டில் காலியா இருக்கா ஒண்ணாவது? நர்ஸு பாதிப் பேரு இல்ல. நீயும் போயிட்டா அவங்க வாய்ல ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளு யாரு? நானா? எனக்கு ஊசியப் பாத்தாலே மயக்கம் வரும்."

அந்த மனிதரைத் திட்டுவதற்கு எனக்கு ஆசைதான். ஆனால் அவள் உள்ளே எட்டிப் பார்த்தபோது ஒரு கிழவி தண்ணீர்க் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு, தூக்கத் தெம்பில்லாமல் அப்படியே வைத்திருந்தாளாம். ஆயாம்மா முகக்கவசத்தை இழுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் வரவில்லை. கட்டடத்தின் பின்பக்கம் துருப்பிடித்த ஓர் இரும்புப் படி உண்டு. அதன் வழியாக நேரே மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் உட்கார்ந்துகொண்டாள். பழைய வாளிகள், கால் உடைந்த நாற்காலி, ஒரு பூனை இவையெல்லாம் அங்கே வெகுநாளாகக் குடியிருந்தன. பூனை மட்டும் ஆட்சேபித்தது. என் அறை அதற்கு நேர்கீழே. இரும்புப் படி என் ஜன்னலை உரசிக்கொண்டு போகும். அப்படித்தான் இந்தக் கதையில் பாதி எனக்குத் தெரியும்.

சங்கம் உடனே கூடியது. அதாவது, தலைவர் மாடிப்படியில் ஏறி நின்று தொண்டையைக் கனைத்தார்.

"ஏம்மா, தொடர்பு இல்லன்னு நீதானே சொன்னே? நான் இந்தக் காதால கேட்டேன்."

"அது வேற தொடர்புங்க" என்று மேலிருந்து குரல் வந்தது.

"எத்தன தொடர்புதாம்மா இருக்கு உனக்கு?"

"தலைவரே, உங்களுக்கு ஒண்ணுகூட இல்லாத வயித்தெரிச்சல்ல பேசாதீங்க" என்றேன் நான்.

யாரும் சிரிக்கவில்லை. கீழ்வீட்டுப் பெண், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகியிருக்கும், குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் சண்டைக்காரி இல்லை. அதனால்தான் அவள் பேசியதும் எல்லோரும் அடங்கினார்கள்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க தெனம் போயிட்டு வரீங்க. நான் இவன வச்சிருக்கேன். எனக்கு பயமா இருக்கக் கூடாதாக்கா?"

"பயப்படணும்டி" என்றாள் ஆயாம்மா. "நான்கூட பயந்துதானே இங்க வந்து உக்காந்திருக்கேன்."

முடிவு இப்படி ஆனது: அவள் மாடியிலேயே இருக்கலாம், இரும்புப் படியில் மட்டும்தான் ஏறி இறங்க வேண்டும், பொதுக் குழாயைத் தொடக் கூடாது. கடைசியாக நோயாளியைத் தொட்ட நாளிலிருந்து இரண்டு வாரம் கழித்து வீட்டுக்குள் போகலாம். நியாயமான தீர்ப்பு. ஒரே ஒரு சிக்கல், அவள் தினமும் வேலைக்குப் போனாள், தினமும் தொட்டாள். அதனால் அவளுடைய தனிமைக்கு ஒவ்வொரு நாளும் முதல் நாளாகவே இருந்தது. விடுப்புக் கேட்டாள், வேண்டுமானால் ஒரேயடியாக எடுத்துக்கொள் என்றார்கள்.

மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது. தகரத்தில் மழை விழும் சத்தத்தில் கூரைக்கு அடியில் இருப்பவர் பேசுவது அவருக்கே கேட்காது. துவைத்த சீருடை காயாது. ஈரத்தோடு உடுத்திக்கொண்டு போய், அங்கே மேலங்கிக்குள் வெந்து, திரும்பவும் ஈரத்துக்குள் வருவாள். மெத்தைக்காரர் படியின் உச்சியில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நாலு படி இறங்கி நிற்பார். அவள் வந்து எடுத்துக்கொள்வாள். இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டு பேசுவார்கள்.

"இன்னிக்கு எத்தன பேரு?"

"அது எதுக்கு உங்களுக்கு? மாமா சாப்பிட்டாரா?"

"ரெண்டு வாய். மூணாவதை என் சட்டையில துப்பிட்டாரு."

"உருட்டிப் படுக்க வச்சீங்களா?"

"வச்சேன். புரண்டு பழையபடி வந்துடறாரு."

"முதுகுக்கு அண்டக் குடுக்கணுங்க. தலகாணிய நெடுக்க வைங்க. முழங்காலுக்கு நடுவுல ஒரு துணி. இடுப்பைப் பிடிச்சுத் தள்ளாதீங்க, தோளையும் இடுப்பையும் சேத்துப் பிடிங்க. மெத்தை இல்லைங்க அது. மனுஷன்."

சமையலறைகளுக்குக் காற்று வர எங்கள் கட்டடத்தின் நடுவே கிணறு மாதிரி ஒரு திறப்பு விட்டிருந்தார்கள். சில நாள் அவள் மாடியிலிருந்து அதன் வழியாகக் கத்துவாள். "இந்தப் பக்கம்! இன்னும்! போதும்!" ஒவ்வொரு வீட்டிலும் அந்த உத்தரவு கேட்டது. இரண்டாம் நம்பர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவர் அப்படியே புரண்டு படுத்தார் என்றால் நம்ப மாட்டீர்கள். கேட்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் கேட்கவில்லை.

பாய்லர்காரர் முதல் இரண்டு நாள் அவள் எங்கே என்று விசாரிக்கவில்லை. மருமகளுக்குச் சில சமயம் இரட்டை டூட்டி போடுவார்கள். மூன்றாம் நாள் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கடா அவ?"

மெத்தைக்காரருக்கு அன்று ப்ளீச்சிங் தண்ணீர் தெறித்துக் கண்ணெல்லாம் சிவந்து வழிந்துகொண்டிருந்தது. நாள் முழுக்க விரிப்பு துவைத்த அலுப்பு. தொட்டி விவகாரம், டாக்டர் விடுதி விவகாரம், கைப்பேசி விவகாரம் இதையெல்லாம் ஒரு செவிட்டுக் காதுக்குள் போட்டு நிரப்ப அவரிடம் தெம்பில்லை. அப்பாவின் கையைப் பிடித்து விட்டத்தைக் காட்டி, காதோரம் குனிந்து, தன்னால் முடிந்த மட்டும் கத்தினார்:

"மேல போயிட்டாப்பா!"

பாய்லர்காரரின் கை அப்படியே நின்றது.

"எப்போ?"

"முந்தாநாளு!"

"காய்ச்சலா?"

"ஆமா, காய்ச்சல்னாலதான்!"

கேட்டவரும் சரியாகத்தான் கேட்டார். சொன்னவரும் பொய் சொல்லவில்லை. பாய்லர்காரர் மகனின் முகத்தைத் தடவிப் பார்த்தார். கன்னம் ஈரமாக இருந்தது. தன் தலைமாட்டுத் துணியை எடுத்து மகனின் முகத்தைத் துடைத்துவிட்டாராம். "என்னிக்கும் இல்லாத திருநாளா எங்கப்பா என் மூஞ்சியத் துடைச்சு விட்டாரு பெரியப்பா" என்று மெத்தைக்காரர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். கட்டடத்தில் எல்லோருக்கும் நான் பெரியப்பா.

அடுத்த வேளையிலிருந்து அவர் சாப்பிடவில்லை. துப்பவில்லை, திட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிடிவாதம் என்று மகன் நினைத்தார். வயது என்று தலைவர் சொன்னார். நான் போய்க் கட்டில் ஓரம் உட்கார்ந்து கையைக் கொடுத்தேன். வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

"எடுத்தாச்சா?"

"எதை?"

"எங்கிட்டச் சொல்லாமலே எடுத்துட்டாங்க பாருங்க. கட்டிலோட தூக்கிட்டுப் போயாவது காட்டியிருக்கலாம். எனக்கு அத்தன செஞ்ச பொண்ணு."

"அய்யோ, உயிரோட இருக்காய்யா! மாடில இருக்கா! மொட்டை மாடி! தொட்டிகிட்ட!" என்று கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பாய்லர்காரர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"நீங்களும் எவ்வளவுதான் சமாளிப்பீங்க. விடுங்க."

நான் அவரிடம் அளந்த மற்றப் பொய்களையெல்லாம் நம்பிய மனிதர். வாழ்நாளில் ஒரே ஒரு நிஜம் சொன்னேன், அதை நம்பவில்லை.

மெத்தைக்காரர் என் கைப்பேசியை வாங்கிக்கொண்டுவந்து அவள் முகத்தைத் திரையில் வரவைத்துக் காட்டினார். அவள் வார்டில் யாரோ கொடுத்த கைப்பேசியிலிருந்து, "மாமா, மாமா" என்று கையை ஆட்டினாள். பாய்லர்காரர் திரையைத் தடவினார். வழவழவென்று கண்ணாடி.

"போட்டோவுக்குச் சட்டம் போட்டுட்டியா?" என்றார். "சுவத்துல மாட்டுடா. கட்டிலுக்கு நேரா மாட்டு."

மெத்தைக்காரர் இரும்புப் படியில் ஏறினார். இந்தமுறை நாலு படி தள்ளி நிற்கவில்லை. அவள்தான் பின்னால் நகர்ந்தாள்.

"கீழ வந்துடு. வந்து ஒரு தடவை அவரத் தொடு. போதும்."

"தொட்டா?"

"தொடலைன்னா செத்துடுவாரு."

"தொட்டாலும்தாங்க."

"உனக்குக் காய்ச்சல் இருக்கா? இருமல் இருக்கா? ஒண்ணும் இல்லையே!"

"எட்டாம் பெட்டுக்காரர் சம்சாரத்துக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்துச்சு. சிரிச்சிட்டே வந்துச்சு. இன்னிக்குக் காலைல துணியில சுத்திக் கட்டி அனுப்பினேன்."

"பேச மட்டும் நல்லா கத்துக்கிட்ட. அவங்க ரூம் போட்டு உக்காந்திருக்காங்க, நீ மட்டும் ஏண்டி தெனம் போற? வேலைய விட்டுத் தொலை!"

"விட்டுட்டா இன்னும் ரெண்டு வாரம் ஆகும் நான் கீழ வர. அவரு ரெண்டு வாரம் தாங்குவாரா?"

மழை பெய்துகொண்டிருந்தது. எனக்கு ஜன்னலைச் சாத்தவும் முடியவில்லை, திறந்துவைக்கவும் முடியவில்லை.

மறுநாள் மதியம் டூட்டி முடிந்து வந்தவள், மாடியில் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக் குளித்தாள். வார்டில் கெஞ்சி வாங்கிவந்த புது மேலங்கி, இரட்டை முகக்கவசம், புதுக் கையுறை. எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு முன்படி வழியாக இறங்கி வந்தாள். வழிநெடுகக் கதவுகள் சாத்திக்கொண்டன. தலைவர் மட்டும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தூரத்தில் நின்றார். அவரும் தடுக்கவில்லை. விஷயம் அதற்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அவள் கட்டிலருகே முட்டிபோட்டு உட்கார்ந்து பாய்லர்காரரின் உள்ளங்கையில் தன் கையை வைத்தாள். அவர் முகம் திரும்பியது. விரல் விரலாகத் தடவினார்.

"ரப்பரு" என்றார். "ஆஸ்பத்திரில இருந்து வந்திருக்கீங்களா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவருக்குத் தெரியுமா?

"நீங்க அவகூட வேலை பாத்தவங்களாம்மா?" பாய்லர்காரர் அந்தக் கையை விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இவனுங்க சொல்ல மாட்டேங்கறானுங்க. கடைசில ரொம்ப கஷ்டப்பட்டாளா?"

மெத்தைக்காரர், "அவதாம்பா இது!" என்று அவர் காதில் கத்திப் பார்த்துவிட்டுச் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "கழட்டுடி! ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம் கழட்டுடி!"

அவள் இடது கையால் வலது கையுறையின் விளிம்பைப் பிடித்தாள். மணிக்கட்டுத் தெரிந்தது. வியர்வையில் வெளுத்துச் சுருங்கிய தோல். அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு அந்த விளிம்பை மணிக்கட்டுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். கிழவரின் கையை மெதுவாக விரிப்பின் மேல் வைத்துவிட்டு எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் மாடிக்குப் போய்விட்டாள். அன்று அவளுக்காக வைத்த தட்டு படியிலேயே மழை நிரம்பி வழிந்தது.

சில நாளில் பாய்லர்காரருக்குக் காய்ச்சல் கண்டது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பத்துக் கையும் ஒரே பக்கத்தைக் காட்டின. மெத்தைக்காரர் மருந்துக்கடை வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நின்றது யாருக்கும் ஞாபகமில்லை. நான் அந்தக் கட்டிலில் போய் உட்கார்ந்தது ஞாபகமில்லை. தலைவர் ஒரு வாரமாகக் கைக்குட்டைக்குள் இருமியது, "புகை ஒத்துக்கலை" என்று அவரே சொல்லிவிட்டதால் கணக்கில் வரவில்லை. அவள் கையுறையோடு வந்து தொட்டது மட்டும்தான் ஞாபகம் இருந்தது. அவளுக்கும் அது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

வண்டி வந்தது. வெள்ளை அங்கிக்காரர்கள் பாய்லர்காரரை விரிப்போடு தூக்கிக் கொண்டுபோனார்கள். "நீங்க யாரு, மகனா? கூடவே இருந்தீங்களா?" என்று கேட்டு, மெத்தைக்காரரை மறுபேச்சில்லாமல் இன்னொரு வண்டியில் ஏற்றினார்கள். இரண்டு வாரம் தனிமை. மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆயாம்மா கேட்டாள்:

"சார், நானும் அந்த வீடுதான். என்னையும் ஏத்திக்கங்க."

"நீங்க ஸ்டாஃப் இல்லையாம்மா? உங்களுக்கு வேற ரூல். ஆஸ்பத்திரில கேளுங்க."

ஆஸ்பத்திரியில் கேட்டாள். காய்ச்சல் இல்லையென்றால் டூட்டிக்கு வா என்றார்கள். அவள் டூட்டிக்குப் போனபோது பாய்லர்காரர் அவளுடைய வார்டில்தான், காலியாகியிருந்த எட்டாம் படுக்கையில் கிடந்தார்.

இதை அவள் இரும்புப் படியில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு உள்ளே இருந்த எனக்குச் சொன்னாள். மழை விட்டிருந்தது.

"வீட்ல தொடக் கூடாது. அங்க தொடலைன்னா சூப்பர்வைசர் திட்டுவாரு" என்றாள். "என்ன ரூலோ பெரியப்பா."

"கையுறை?"

"கழட்டிட்டேன்."

"அடிப்பாவி."

"இனிமே என்கிட்ட இருந்து அவருக்கு வர என்ன இருக்கு? வந்தா எனக்குத்தானே."

முதலில் அவர் உடம்பைத் துடைத்தாளாம். முதுகில் புண் வந்திருந்தது. மகன் எவ்வளவு முயன்றிருப்பார் என்று அந்தப் புண்ணைப் பார்த்தே தெரிந்ததாம்; ஒரு பக்கம்தான் இருந்தது. விரிப்பு மாற்ற அவரைத் தோளும் இடுப்புமாகப் பிடித்து உருட்டியபோது பாய்லர்காரரின் கை எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது. தடவியது. கட்டைவிரலைத் தேடிப் பிடித்தது.

"நீயாம்மா?"

"நான்தான் மாமா" என்றாள். கேட்டிருக்காது. கையை அழுத்தினாள்.

பாய்லர்காரரின் முகத்தில் பல் இல்லாத சிரிப்பு பரவியதாம். "என்னையும் கொண்டாந்துட்டாங்களா? நல்லதாப் போச்சு. தனியா இருக்கியேன்னு நெனச்சிட்டே இருந்தேன்."

அவள் விரிப்பின் மீதிப் பாதியை இழுத்து விட்டாள்.

"இங்க வந்தா வலி இருக்காதும்பாங்க. இடுப்பு வலிக்குதே."

அவள் முழங்காலுக்கு நடுவே துணிச்சுருளை வைத்தாள்.

"ஆ. இப்போ பரவால்ல." கொஞ்ச நேரம் கழித்து, ரகசியம் கேட்பது போல, வார்டு முழுக்கக் கேட்கும் குரலில் கேட்டார்: "ஏம்மா, இங்க சாப்பாடெல்லாம் உண்டா?"

பக்கத்துப் படுக்கைக்காரர் அந்த மூச்சுத்திணறலிலும் சிரித்துவிட்டாராம்.

அவள் கஞ்சியைக் கொண்டுவந்து கரண்டியை உதட்டில் தொட்டாள். வாய் திறந்தது. அவர் காதில் கத்திப் பார்த்திருக்கலாம். தோளை உலுக்கிப் புரியவைத்திருக்கலாம். தான் சாகவில்லை, அவரும் சாகவில்லை, இது ஆஸ்பத்திரி, எட்டாம் படுக்கை என்று. "எதுக்குப் பெரியப்பா?" என்றாள். "அடுத்த கரண்டிய எடுத்தேன்."

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் அவர் போய்விட்டார். அவளே துடைத்து, அவளே துணியில் சுற்றிக் கட்டி அனுப்பினாள். அதன் பிறகும் அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை. வந்து தானாகப் போனதா, வரவே இல்லையா, தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய சோதனையை யாரும் எடுக்கவில்லை.

மெத்தைக்காரரை வைத்திருந்தது மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தில். மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு நானும் அவளோடு போனேன். அவர் மாடி வகுப்பறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வேளைக்குச் சாப்பாடு வந்ததில் கன்னம் கொஞ்சம் பூசினாற்போலிருந்தது. அது அவருக்கே அவமானமாக இருந்தது போல, கையால் மறைத்துக்கொண்டார். நடுவில் வெறிச்சென்ற விளையாட்டுத் திடல். கயிறு கட்டி, காவல்காரர் ஒருவரை நிறுத்தியிருந்தார்கள்.

"ஏய்" என்று கூப்பிட்டார். "அவருக்குத் தெரிஞ்சுதா? நீ இருக்கேன்னு கடைசிலயாவது தெரிஞ்சுதா?"

ஆயாம்மா கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று நிமிர்ந்து பார்த்தாள். டூட்டிக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஈரச் சீருடை முதுகில் ஒட்டியிருந்தது. முகக்கவசத்தைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, திடலைத் தாண்டிப் போய்ச் சேரும்படி சத்தமாகச் சொன்னாள்:

"நல்லா சாப்பிட்டாருங்க. ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு."